தாரணியின் தற்காலிக மரணம்

தான் செத்துப்போன செய்தி தாரணிக்குப் போனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் பாதி வெந்த உப்புமா, கையில் போன். 'அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். சிலிண்டர் தேவைப்பட்டால் வாரிசுதாரர் விண்ணப்பிக்கவும்' என்று போன் காட்டியது.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க. நான் செத்துட்டனாம்."

கணவன் விசாகன் கன்னத்தில் சவர நுரையோடு வந்து எட்டிப் பார்த்தான். "வாரிசுன்னா நாந்தானே? குடு, நான் போட்டர்றேன். உப்புமா அடி புடிக்குது பாரு."

இந்த மனுஷனை என்ன சொல்ல! இருபது வருஷம் குடித்தனம் பண்ணினவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்கிறது போன். அவருக்கு உப்புமா கவலை. ஆனால் அவர்மேலும் தப்பில்லை. வீட்டுக்குள் நடமாடுகிற பெண்டாட்டியைப் பார்த்து எப்படி அழுவது?

இது எப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கம்பெனியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

இருபது வருஷத்துக்கு முன்னால், கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு கிரைண்டர் கடையின் மாடியறையில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சமூக வலைத்தளம் ஆரம்பித்தார்கள். பெயர் 'வம்பு'. ஒருத்தி தாரணி, இன்னொருவன் அவளோடு காலேஜில் படித்த தீரன். நிரல் முழுக்க தாரணி எழுதினாள். தீரன் பேசினான். கீழே கடைக்காரர் கிரைண்டர் ஓட்டிக் காட்டும்போதெல்லாம் மேலே மேஜை கிடுகிடுவென்று ஆடும். அந்த ஆட்டத்திலேயே அவள் எழுதுவாள், இவன் அந்த ஆட்டத்திலேயே பேசுவான்.

முதல் ஆயுத பூஜை வந்தது. கோயம்புத்தூரில் லேத்து, மோட்டார், தராசு என்று தொழில் செய்கிற எதையும் அன்றைக்குச் சும்மா விடமாட்டார்கள். இவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சர்வர். அதைத் துடைத்து, மாலை போட்டு, தாரணியே சந்தனம் குழைத்து வைத்தாள். கஞ்சத்தனமாக வைத்தால் நன்றாயிருக்காது என்று, காற்றுப் போகிற சந்து எல்லாவற்றிலும் கெட்டியாக அப்பினாள். நடுவில் வட்டமாகக் குங்குமம். படையல் முடிந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே புகைந்தது. சந்தனம் இறங்கி ஒரு சர்க்யூட் பலகை கருகிவிட்டது. போட்டதை அழிக்கிற வேலையைப் பார்த்துவந்தது அந்தப் பலகைதான்.

அன்றிலிருந்து வம்பில் எழுதியதை யாராலும் அழிக்க முடியவில்லை. உடுமலைப்பேட்டையில் ஒருத்தர் தன் மச்சானைப் பற்றி ஒரு வரி போட்டுவிட்டு, பயந்துபோய் அழிக்கப் பார்த்தார், முடியவில்லை. பதில் சொல்ல மச்சான் உள்ளே வந்தார். மச்சானுக்குப் பதில் சொல்ல சம்பந்தி வந்தார். ஆறே மாதத்தில் தமிழ்நாடே பதில் சொல்ல உள்ளே வந்துவிட்டது! அதற்கப்புறம் எத்தனையோ சர்வர் மாற்றினார்கள். அழிக்கிற வசதியை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. கம்பெனிக்கு ராசி என்றான் தீரன்.

அழிக்க முடியாத இடத்தில் பொய்யும் சேருமே, அதற்கு என்ன செய்வது? அதற்கும் தாரணிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். 'நாடிச் சான்று' என்று பெயர். ஒரு விஷயத்தைக் கேட்கிறவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். எல்லார் நாடியும் ஒருசேர அசைந்து பட்டை சிவந்தால் அது உண்மை என்று வம்பு பதிந்துகொள்ளும். பிறகு அரசாங்கம், கேஸ், பஸ், ஆஸ்பத்திரி எல்லாமே வம்புக் கணக்கைத்தான் அடையாளமாக எடுத்துக்கொண்டன. நீங்கள் யார் என்று வம்பு சொல்கிறதோ அவர்தான் நீங்கள்.

இருபதாம் ஆண்டு விழாவுக்குத் தீரன் ஒரு படம் எடுக்கச் சொன்னான். கம்பெனி பிறந்த கதை. நடிகர் கிடையாது, கேமரா கிடையாது. 'எஞ்சின்' என்று ஒன்று எல்லாவற்றையும் தானே செய்துவிடும். முதல் நாள் மேட்னிக்குத் தாரணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். எச் வரிசை, பதினாலாம் சீட்டு. கையில் பட்டை கட்டிவிட்டார்கள்.

படத்தில் தீரன் நிரல் எழுதினான். தீரன் சந்தனம் வைத்தான். கண்ணை மேலே செருகிக்கொண்டு, பின்னால் உறுமி முழங்க, தெய்வமே வந்து வைக்கச் சொன்ன மாதிரி வைத்தான். தாரணி என்று ஒரு பெண் ஒரே ஒரு காட்சியில் வந்தாள். பொரிகடலைத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தாரணிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இடைவேளையிலேயே எழுந்துபோய் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற மௌலீஸ்வரனைப் பிடித்தாள். மௌலீஸ்வரன் சாதுவான ஆள், எப்போதும் பட்டாணி மென்றுகொண்டிருப்பார்.

"ஏனுங்க, அந்த நிரல் பூரா நான் எழுதுனது. என்னைப் பொரி தூக்க வெச்சிருக்கீங்க?"

"என் கையில ஒண்ணுமில்லீங் மேடம். ஒவ்வொரு ஷோவுலயும் ஜனங்க நாடி எங்க துடிக்குது, எங்க தூங்குதுன்னு எஞ்சின் பாக்கும். அடுத்த ஷோவுக்குக் கதைய மாத்திக்கும். நாடி துடிச்சா அந்த ஆளு வளருவாரு. தூங்குனா சுருங்கிருவாரு."

"சரி, உண்மையத்தான் ஒரு நாளைக்குக் காட்டிப் பாருங்களேன்."

"காட்டலாமுங். நான் ஒரு வார்த்த சொன்னா எஞ்சின் கேக்கும்."

மறுநாள் உண்மையைக் காட்டினார்கள். திரையில் தாரணி பதினொரு நிமிஷம் நிரல் எழுதினாள். தட்டினாள், யோசித்தாள், மறுபடி தட்டினாள். தியேட்டரில் நாற்பது பேருடைய நாடி இவ்வளவு கீழே போய்விட்டதே என்று பட்டையெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்த, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"பாத்தீங்களா மேடம்?" என்று மௌலீஸ்வரன் பட்டாணியை நீட்டினார். "உண்மைக்கு நாடி கொஞ்சம் கம்மிங்."

ஆனாலும் தாரணி விடவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு அதே மேட்னி, அதே சீட்டு. என்றைக்காவது தன்னை ஒழுங்காகக் காட்டமாட்டார்களா என்ற நப்பாசை. எஞ்சினும் என்னென்னவோ செய்து பார்த்தது. ஒரு வாரம் அவளுக்கு இரட்டைப் பிறவி ஒருத்தி இருந்தாள். ஒரு வாரம் கண் தெரியாது. ஒரு நாள் அவிநாசி ரோடு மேம்பாலத்தில் குதிரை ஓட்டினாள்; பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் மட்டும் விசில் அடித்தது.

அறுபத்து மூன்றாம் நாள் எஞ்சினுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆயுத பூஜைக் காட்சி. தாரணி சந்தனம் வைக்கிறாள், ஈரக் கை, ஷாக் அடிக்கிறது. தீரன் மடியில் விழுந்து உயிரை விடுகிறாள். 'ஐயோ பாவம்!' என்று தியேட்டரே விசும்பியது. நானூறு சீட்டில் முந்நூற்றுத் தொண்ணூறு பட்டை சிவப்பாக மின்னியது. கடைசியில் பெரிய எழுத்தில், 'நிறுவனர்: தாரணி'.

சும்மா சொல்லக் கூடாது, தாரணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது வருஷத்தில் இந்த ஒரு வார்த்தையை எந்தச் சுவரிலும் அவள் பார்த்ததில்லை. எந்த மேடையிலும் தீரன் "எங்க டீம்" என்றுதான் சொல்வான். இப்போது காய்கறி வண்டிக்கார அம்மாள் தக்காளியை நிறுத்துவதை விட்டுவிட்டு, "நீங்க செத்தப்ப எனக்குத் தேம்பித் தேம்பி அழுவாச்சிங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாள் தாரணி தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

ஐந்தாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

சிலிண்டரோடு நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் கதவு மூடவில்லை; 'காலமானவர்கள் பயணிக்க இயலாது' என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பின்னால் இருந்தவர்கள், "அம்மணி, எறங்கிக்கங்க, எங்களுக்கு நேரமாச்சு" என்றார்கள். ஆபீஸ் கதவும் திறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் விசாகனுடைய பெரியத்தை சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம்.

"வா சாமி," என்றார் பெரியத்தை. "இவனுக்கு வயசு நாப்பத்தஞ்சுதான ஆச்சு, எத்தன நாளைக்குத் தனியா கெடப்பான்? காப்பி கொஞ்சம் போடு கண்ணு. எனக்குச் சக்கர கம்மியா."

தாரணி கணவனைப் பார்த்தாள். விசாகன் விட்டத்தைப் பார்த்தான். "ஜாதகம் மட்டும் பாத்து வெச்சுக்கலாம்னு அத்தை சொன்னாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"சொல்லலாம்னு இருந்தேன்."

காப்பி போட்டாளா என்று கேட்காதீர்கள். போட்டாள். பெரியவர் கேட்டுவிட்டாரே.

சாயங்காலமே தீரன் வீட்டுக்கு வந்தான். கூடவே மௌலீஸ்வரன். தீரன் பெயருக்குத்தான் தீரன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து வாசல் கோலத்தையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"தாரணி, இப்பத்திக்கு இது தற்காலிக மரணந்தான். பயந்துக்காத."

"தற்காலிகமா? செத்தா அதென்னடா தற்காலிகம்!"

மௌலீஸ்வரன் விளக்கினார். "நாடிச் சான்று விதிங்க மேடம். பத்துக்கு ஒம்பது பட்டைக்கு மேல மின்னுனா தற்காலிகமாப் பதியும். படம்னா நூறாவது நாள் மேட்னில எல்லாச் சீட்டும் ஒத்துக்கணும். நானூறு பட்டையும் மின்னுச்சுன்னா பதிஞ்சிரும். அப்புறம் அழிக்க முடியாது. ஒரே ஒரு சீட்டு அசையலீன்னாலும் செல்லாது, உங்க கணக்கு பழையபடி வந்துரும். விதிய எழுதுனது..."

"நாந்தான். தெரியும்." தாரணி தீரன் பக்கம் திரும்பினாள். "டேய், நீ முதலாளி. நாளைக்கே படத்தத் தூக்கு."

தீரன் கையைப் பிசைந்தான். "ஜனங்க உம்மேல எவ்வளவு பிரியமா இருக்காங்க தெரியுமா? வாசல்ல உனக்குச் செல வெக்கச் சொல்லி ஆறு லட்சம் பேரு எழுதிருக்காங்க. கொஞ்ச நாள் செத்தே இரேன் தாரணி. உன் ரூம அப்படியே நினைவு அறையா வெச்சுக்கறோம். நீ பின்பக்கமா வந்து, போட்டோவுக்குப் பின்னால உக்காந்து வேலை பாரு. ஒரு தொந்தரவும் இல்ல."

"உயிரோட இருந்தா?"

"உயிரோட இருந்தா..." தீரன் கோலத்தில் ஒரு புள்ளியைக் காலால் தேய்த்தான். "படம் பழையபடி ஆயிரும். பொரித் தட்டு."

செத்தால் நிறுவனர், இருந்தால் பொரித் தட்டா? இருபது வருஷமாக இவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இந்தப் படமே வேண்டியிருக்காதே! அதைக் கேட்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. கேட்டு வாங்குகிற சமாச்சாரமா அது?

"எச் பதினாலு என் சீட்டு," என்றாள். "நூறாவது நாள் நான் வருவேன். எங்கப்பா செத்தன்னிக்கே எல்லாரும் அழ, நான் பந்தலுக்கு ஆள் சொல்லிட்டிருந்தவ. எந்தப் படத்துக்கும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்ததில்ல. உங்க எஞ்சினு என்ன குட்டிக்கரணம் போட்டாலும் என் நாடி அசையாது. பொரித் தட்டுன்னாலும் பரவால்ல, உயிரோட தூக்கிக்கறேன். போங்க."

சவால் விட்டாளே தவிர மனசுக்குள் திக்கென்றுதான் இருந்தது. அதனால் பழகிக்கொள்ளலாம் என்று அடுத்த முப்பது நாளும் மேட்னியை விடவில்லை. செத்தவளுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் விசாகன் பெயரில், வாரிசு ஒதுக்கீட்டில் எடுத்தாள். படத்தில் தினம் ஒரு மாதிரி செத்தாள். மழையில் செத்தாள். பாட்டுப் பாடிக்கொண்டே செத்தாள். ஒரு நாள் தீரன் ஏழு தென்னை உயரத்துக்கு எகிறிக் குதித்துச் சூளுரைத்தான்; பக்கத்துச் சீட்டு அம்மாள் மயங்கி விழுந்தார். தாரணி கொட்டாவி விட்டாள். அவள் பட்டை மின்னவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ஜெயிச்சாச்சுங்க!" என்று விசாகனிடம் சொன்னாள். அவனும் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். ஜாதகத்தை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

நூறாவது நாள். தியேட்டர் வாசலில் தாரணிக்கு முப்பதடி கட்டவுட். யாரோ ஏணி போட்டு ஏறிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அது நிஜத் தாரணியின் தலையிலும் இரண்டு சொட்டுத் தெறித்தது. ஒருத்தருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. படத்துத் தாரணிக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பு.

விளக்கு அணைந்தது. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கிரைண்டர் கடை, மேஜை ஆட்டம், பூஜை. சந்தனம் வைத்தாள், விழுந்தாள். நாலு பக்கமும் பட்டைகள் சிவக்க ஆரம்பித்தன. இனி மழை வரும், பாட்டு வரும் என்று தாரணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மழை வரவில்லை. பாட்டும் வரவில்லை. திரையில் தீரன் எழுந்து போய், ஒரு பழைய பனியன் துணியை எடுத்துவந்து, சர்வரில் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு சந்தாகத் துடைத்தான். உறுமி இல்லை, கண்ணைச் செருகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற பையன் மாதிரி மெதுவாகப் பேசினான்.

"இதெல்லாம் நீ எழுதுனதுன்னு நான் ஒரு நாளும் யார்கிட்டயும் சொன்னதில்ல தாரணி. மறந்து சொல்லாம விடல. பயமா இருந்துச்சு. சொல்லிட்டா எனக்குன்னு ஒண்ணுமே மிஞ்சாதுன்னு."

அவ்வளவுதான். துணியை உதறி மடித்து வைத்தான்.

தாரணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இது எஞ்சின் என்று தனக்குத்தானே சொன்னாள். நிரல்தான், நாமே இதைவிட நல்லதாக எழுதுவோம் என்றாள். சிலிண்டரை நினைத்தாள், பஸ் கதவை நினைத்தாள், பெரியத்தையை நினைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. அப்பா போனபோது வராத அழுகை, எங்கே கிடந்ததோ, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

மணிக்கட்டில் பட்டை சிவப்பாக மின்னியது. அதுதான் நானூறாவது. எங்கோ ஒரு மணி அடித்தது. தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே வரும்போது பட்டை திருப்பிக் கொடுக்கிற மேஜையில் மௌலீஸ்வரன் இருந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க மேடம். நீங்க தினமும் வராம இன்னிக்கு மட்டும் வந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க."

"ஏன்?"

"நூறு நாளும் மாறாம வந்தது எச் பதினாலு ஒண்ணுதானுங். மத்த சீட்டெல்லாம் சுளுவா மின்னிருச்சு. அதனால கொஞ்ச நாளா எஞ்சின் உங்க ஒருத்தருக்காகத்தான் படம் பண்ணுச்சு. எந்த வசனத்துக்கு உங்க நாடி ஒரு துளி ஏறுது, எதுக்கு எறங்குதுன்னு பாத்துப் பாத்து மாத்துச்சு. மழைக்கு ஏறல. பாட்டுக்கு ஏறல. தீரன் சார் உங்க பேர மெதுவாச் சொன்னப்பெல்லாம் ஏறுச்சு. அத வெச்சே போயிப் புடிச்சிருச்சுங்."

"அப்ப அந்த வசனம்... தீரன் சொல்லிக் குடுக்கலையா?"

"அவரு இந்த மாசம் படமே பாக்கலீங்களே."

தீரன் வாசலில், கழுத்து முழுக்க மாலையோடு, கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். தாரணி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவனிடம் போனாள். அவனுக்கு அவளைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"பதிஞ்சிருச்சாமா? ஐயோ தாரணி, நான் என்னடி பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உள்ள படத்துல ஒண்ணு சொன்ன. அத நீயா ஒருக்காச் சொல்லு. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"என்ன சொன்னேன்?"

அவள் சொன்னாள். அவன் வரி முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் மாலையைச் சரி செய்துகொண்டான். சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தான். காது மடல் ரெண்டும் சிவந்துபோயிற்று. பொய் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"சொல்றேன் தாரணி. கண்டிப்பாச் சொல்றேன். இங்க வேண்டாம்," என்றான் தணிந்த குரலில். "ஞாயித்துக்கெழம உனக்கு இரங்கல் கூட்டம் போட்டிருக்கோம். அங்க மைக்குல, எல்லாரு முன்னாடியும் சொல்லிர்றேன். நீயும் வா."

தாரணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன மணிக்குடா?" என்று கேட்டாள்.